படத்தில் நான் வெட்டிய ஓரம்

சேகருக்கு, சூளகிரி வீட்டிலிருந்து அம்மா எழுதுகிறேன்.

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். உன் அக்கா மகன் பிரபுவை அவன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராகப் போட்டுவிட்டார்கள். முப்பது பேர் அவனைக் கேட்டுத்தான் மெஷினை நிறுத்துகிறார்களாம். அவன் தங்கை ரேவதி நர்சிங் முடித்துவிட்டு கிருஷ்ணகிரியில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் மாதமே எனக்கு வீட்டிலேயே பிரஷர் பார்க்கிற மிஷின் ஒன்று வாங்கி வந்து, அது காட்டிய நம்பரைப் பார்த்து என்னைத் திட்டினாள். பிரபுவின் மகள் ஒன்றாம் வகுப்புதான், பள்ளிக்கூட விழாவில் மைக்கைப் பிடித்து தமிழில் ஒரு வணக்கம், தெலுங்கில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று என்று மூன்றும் சொல்லி, கைதட்டல் நிற்கிற வரைக்கும் இறங்கமாட்டேன் என்று நின்றாளாம். உன் மகள் நித்யாவைப் பற்றி உனக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூர் கம்பெனியில் எட்டுப் பேருக்கு மேலே இருக்கிறாள், வருகிற தையில் கல்யாணம். பால் ஊற்றுகிறவரிடமும் ரேஷன் கடை வரிசையிலும் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காருகிறவர்களிடமும் இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். கேட்காதவர்களிடமும் சொல்வேன். என் பிள்ளைகள், என் பேரப்பிள்ளைகள், என் வீடு என்று கொஞ்சம் கூட்டிச் சொல்வது என் சுபாவம். அந்தச் சுபாவம் உனக்கு என்ன செய்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் ஓசூரில் உன் வீட்டுக்கு வந்து நேரிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று தடவை அப்படி வந்தேன். மூன்று தடவையும் நீ டீ போட்டுக் கொடுத்தாய், நான் குடித்துவிட்டு முழங்கால் வலியைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். வாயால் ஆகாது என்று தெரிந்த பிறகு எழுத உட்கார்ந்தேன். இன்றோடு ஐந்து நாள் ஆகிறது.

போன மாதம் நித்யாவுக்கு மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க நீ வேப்பனப்பள்ளிக்குப் போய்விட்டு வந்தாயே, அன்று சாயங்காலம் உன் வீட்டு ஹாலில் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். உன் அக்கா இருந்தாள், பிரபு இருந்தான், தரகரும் இருந்தார். நீ செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாய். “வீடு நல்ல காத்தோட்டமா இருக்குது. பின்னாடி மாந்தோப்பு. மேல ரெண்டு ரூமு.” நித்யா போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. “மேல ரூமு அவங்களோடதா, பக்கத்து வீட்டுக்காரங்களோடதா? அதையும் கேட்டுட்டு வந்தியாப்பா?” என்றாள். எல்லோரும் சிரித்தோம். தரகர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே காலி டம்ளர்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கினாய். அடுக்க ஆட்கள் இருந்தும் நீயே எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றாய். நித்யா என் பக்கம் திரும்பி, “நானே ஒரு நாள் லீவு போட்டுட்டு போயி பாத்துக்கறேன் ஆயா. எங்கம்மா மாதிரி நான் ஏமாற மாட்டேன்” என்றாள். அதை அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் புடவையில் இல்லாத நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து உன் பழைய படங்களை எடுத்தேன். நீ மறந்திருப்பாய், பழுப்புக் கவர் ஒன்றில் நாற்பது ஐம்பது கிடக்கின்றன. ஓசூரில் கட்டடங்களுக்கு பிளான் போட்டுக் கொடுத்த அந்த இன்ஜினியரிடம் நீ வேலை பார்த்தபோது எடுத்தவை. அவர் கட்டி முடித்த ஷெட்டுகளையும் குடோன்களையும் படம் பிடித்து, பைலில் ஒட்டி, அடுத்து வருகிறவர்களுக்குக் காட்டுவார். அதற்கென்றே ஒரு வைட் லென்ஸ் வாங்கி உன் கையில் கொடுத்திருந்தார். எல்லாம் கறுப்பு வெள்ளை. ஆபீஸ் பின்னாலிருந்த குளியலறையில் சிவப்பு பல்பைப் போட்டுக்கொண்டு நீங்களே கழுவிவிடுவீர்களாம். காய்ந்தால் அந்தக் காகிதம் அப்பளம் மாதிரி சுருளும் என்று வீட்டுக்கு எடுத்துவந்து, அரிசி மூட்டைக்கு அடியில் வைத்து அழுத்தச் சொல்வாய். அந்த வேலை என்னுடையது. அதனால் நீ எடுத்த கட்டடம் ஒவ்வொன்றும் என் கை வழியாகப் போயிருக்கிறது.

இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் பேக்டரியின் நீளமான கூடம். முன்னால் இருக்கிற பேரல் யானை மாதிரி நிற்கிறது, கடைசியில் இருக்கிற கதவு தீப்பெட்டி அளவுக்குப் போய்விட்டது. கூரை போடாத ஒரு ஷெட், வெறும் இரும்புச் சட்டங்கள், அதற்குள்ளே மேகம். இரண்டு பக்கமும் வெளியே சாய்ந்து நிற்கிற ஒரு பள்ளிக்கூடம். பாரூர் ஏரி மதகு, அதன் கருங்கல்லில் ஒவ்வொரு உளிக்கொத்தும் தெரிகிறது. கலர் இல்லாததால் வெயிலும் நிழலும் மட்டும்தான் இருக்கிறது, அந்த வெயிலைப் பார்த்தால் இன்றைக்கும் கண் கூசுகிறது. இவ்வளவு அழகாக எடுக்கத் தெரிந்த கையை இருபத்தேழு வருஷம் ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எண்ண வைத்துவிட்டோமே என்று அன்றைக்குத்தான் முழுசாக உறைத்தது. வைத்துவிட்டோம் என்று ஏன் எழுத வேண்டும். வைத்துவிட்டேன்.

அந்தக் கவரில் நம் வீட்டுப் படம் மட்டும் இல்லை. ஏன் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நித்யாவுக்குத் தெரியாது. அவளும் படிக்கப்போகிற கடிதம் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, லென்ஸ் கையில் பழக வேண்டும் என்று நம் வீட்டையே எடுத்தாய். சந்து எட்டடிதான். எதிர் வீட்டு மாட்டுக் கொட்டகைச் சுவரில் காலை முட்டுக்கொடுத்து, ஒரு செங்கல்லின் மேல் கேமராவை வைத்து, குப்புறப் படுத்துக்கொண்டாய். பக்கத்து வீட்டுக் கிருஷ்ணப்பாவின் கேட்டில் சாய்ந்து நின்று உன் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். “ஏண்டா, படம் புடிக்கறியா, பல்லி புடிக்கறியா?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அந்தச் சிரிப்பில் நீ கேமரா பட்டனை அமுக்கிவிட்டாய். படம் வந்தபோது என்னால் நம்ப முடியவில்லை. இரண்டு அறையும் சிமெண்ட் ஷீட் போட்ட சமையலறையும் கொண்ட நம் வீடு மண்டபம் மாதிரி இருந்தது. வராண்டாவின் இரண்டு தூண்களும் கோயில் தூண்களாகிவிட்டன. எட்டடிச் சந்து மைதானமாக விரிந்து கிடந்தது. நமக்கும் கிருஷ்ணப்பாவுக்கும் நடுவில் ஒரே சுவர் என்பதால், அவர் புதிதாகக் கட்டிய மாடியும் கம்பி வைத்த பால்கனியும் நம் வீட்டுக் கூரைக்கு மேலே இருப்பது போலவே விழுந்திருந்தது. இடது ஓரத்தில் அவர் பேர் எழுதிய கேட்டும், அதில் சாய்ந்து நிற்கும் உன் அப்பாவும் இருந்ததால்தான் அது வேறு வீடு என்று தெரிந்தது. “இது நம்ம வீடாடா?” என்று கேட்டேன். “நம்ம வீடுதாம்மா. இந்த லென்ஸு கிட்ட இருக்கறத இழுத்துப் பெருசாக்கும், எட்ட இருக்கறதத் தள்ளி உட்டுடும். அளவு பாக்கறதுக்கு மட்டும் இது ஒதவாது” என்றாய். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. நீ அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தாய்.

அந்த வருஷம் உனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தோம். பெண் வீட்டார் வந்து வீட்டைப் பார்ப்பார்கள், பிடித்தால் சாப்பிடுவார்கள், பிடிக்காவிட்டால் தண்ணீரும் குடிக்காமல் எழுந்துவிடுவார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். இரண்டு தடவையும் பாயசம் காய்ச்சி வைத்தேன். வந்தவர்கள் வராண்டாவில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்தார்கள், அறைகளை எண்ணினார்கள், “சொல்லி அனுப்பறோம்” என்று பஸ் ஏறினார்கள். இரண்டாம் தடவை அந்தப் பாயசத்தை உன் அப்பாவும் நானும் மூன்று நாள் குடித்தோம். அப்புறம்தான் மல்லிகா ஜாதகம் வந்தது. ஊத்தங்கரை தாண்டி உள்ளே, மழையை நம்பிக் கடலையும் ராகியும் போடுகிற குடும்பம். ஒரே பெண், பன்னிரண்டாவது வரை படித்தவள். அவள் அப்பா கிணற்றுப் படியில் வழுக்கி, தொடை எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு படுத்திருந்தார். அவருக்குப் பதிலாக வந்து பார்க்கக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. தரகரிடம் சொல்லி அனுப்பினார். “நாந்தான் எந்திரிக்க முடியாம கெடக்கறனே. வீட்ட ஒரு போட்டோ புடிச்சு அனுப்பச் சொல்லுங்க. அதப் பாத்துட்டு அங்க வந்து கை நனைச்ச மாதிரி நெனச்சுக்கறேன்.”

நீ அப்போது கிருஷ்ணகிரியில் கூழ் பேக்டரியைப் படமெடுக்க நான்கு நாள் போயிருந்தாய். தரகர் வராண்டாவில் உட்கார்ந்துகொண்டு, “நல்ல எடமுங்கம்மா, உட்டுடாதீங்க” என்றார். நான் உள்ளே போய் அரிசி மூட்டையை நகர்த்தினேன். படம் சுருளாமல் தட்டையாக இருந்தது. ஜாக்கெட் தைக்கிற கத்தரியை எடுத்து இடது ஓரத்தை மேலிருந்து கீழே ஓர் அங்குல அகலத்துக்கு வெட்டினேன். கிருஷ்ணப்பா கேட் போனது, அவர் பேர் போனது, கேட்டில் சாய்ந்திருந்த உன் அப்பாவும் போனார். மிச்சம் இருந்தது மாடி வைத்த ஒரு பெரிய வீடு. உன் அப்பா பின்னால் வந்து நின்றார். “ஏண்டி, என்னையும் சேத்து வெட்டிப்புட்டயே.” நான் சொன்னேன், “பல்லக் காட்டிட்டு நிக்கறீங்க. சம்பந்தி பாத்தா என்ன நெனைப்பாரு.” அவர் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்று, “கிருஷ்ணப்பா கேட்டும் போயிடுச்சே” என்றார். “போவட்டும்” என்றேன். அவர் வாசற்படியில் போய் உட்கார்ந்தார். தடுக்கவில்லை. நீ வந்து படத்தைத் தேடியபோது, மூட்டைக்கு அடியில் ஈரம் பட்டு வீணாகிவிட்டது என்றேன். நீ “சரி போவுது” என்றாய். பத்து நாளில் வீடு பிடித்திருக்கிறது என்று பதில் வந்தது. அதைக் கேட்டுத் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தவளும் நான்தான்.

கல்யாணம் ஊத்தங்கரை மண்டபத்தில் நடந்ததால் அவர்கள் யாரும் நம் வீட்டைப் பார்க்கவில்லை. மறுநாள் மல்லிகா வேனிலிருந்து இறங்கி, வலது கால் எடுத்து வைத்து, விளக்கேற்றி, பால் பழம் சாப்பிட்டாள். புடவை மாற்ற வேண்டும் போல. என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், “அத்தை, மாடிக்குப் படி எந்தப் பக்கம்?” என்றாள். நித்யா, உன் அம்மா நம் வீட்டில் பேசிய முதல் பேச்சு அதுதான். என் கையில் பால் டம்ளர் இருந்தது. மேலே பால்கனியிலிருந்து கிருஷ்ணப்பா சம்சாரம் புதுப்பெண்ணை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேகர், நீதான் வந்து, “அது பக்கத்து வீட்டு மாடி” என்றாய். மல்லிகா உன்னைப் பார்த்தாள், மேலே பார்த்தாள், சூட்கேஸைத் திறந்து புடவை மடிப்புக்குள்ளிருந்து அந்தப் படத்தை எடுத்தாள். அவள் அப்பா கொடுத்து அனுப்பியது. நீ அதை வாங்கி இடது ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாய். மற்ற மூன்று பக்கமும் ஆபீஸில் பிளேடு வைத்து நேராக நறுக்கியவை. அந்தப் பக்கம் மட்டும் கத்தரி போன போக்கில் வளைந்திருந்தது. நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். ஒரு நிமிஷம்கூட இருக்காது. மல்லிகாவிடம் திரும்பி, “நான்தான் அனுப்பினேன்” என்றாய்.

அப்புறம் பின்பக்கம் குழாயடியில் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன கேட்டேன் என்று ஞாபகமில்லை, நீ சொன்னது மட்டும் அப்படியே இருக்கிறது. “உடும்மா. அவ நாள் பூரா உன்கூட அடுப்புகிட்ட நிக்கணும். உன்மேல கசப்பு வந்துட்டா வீடு வீடா இருக்காது. என்மேல இருக்கற கோவம் நாலு நாள்ல போயிடும்.” நானும் அதை நம்பினேன். நம்பினால் எனக்கு வசதியாக இருந்தது.

அது நாலு நாளில் போகவில்லை. வீடு சின்னது என்பதற்காக மல்லிகா ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை, அவள் பிறந்த வீடு இதைவிடச் சின்னது. அவள் அப்பா கட்டிலில் படுத்தபடியே, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அந்தப் படத்தைக் காட்டி, “எம்பொண்ணு மாடி வீட்டுக்குப் போறா” என்று சொல்லி வைத்திருந்தார். ஆடிக்குப் பெண்ணை அழைத்துப்போகக் கம்பு ஊன்றிக்கொண்டு வந்தார். சந்தில் நின்று நம் வீட்டைப் பார்த்தார், கிருஷ்ணப்பா மாடியைப் பார்த்தார். “நல்ல வெளிச்சமா இருக்குது வீடு” என்றார். இலையில் உட்கார்ந்து நான் போட்டதையெல்லாம் தலை தூக்காமல் சாப்பிட்டார். நான் கேட்காமலே போட்டேன், அவர் வேண்டாம் என்று சொல்லாமலே சாப்பிட்டார். உன்னை மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார். ஆனால் விஷயம் பரவி, அவர் ஊரில் அவருக்குக் கேலியாக ‘மாடி வூட்டுச் சம்பந்தி’ என்று பேர் வைத்துவிட்டார்கள். டீக்கடையில், களத்துமேட்டில், சாவு வீட்டில்கூட. அவர் போகிற வரைக்கும் அந்தப் பேர் போகவில்லை. ஒரு நாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே மல்லிகா இதைச் சொன்னாள். “எங்கப்பா யார்கிட்டயும் ஒரு பொய் சொன்னதில்லைங்க அத்தை. ஊரே இப்ப அவரப் புளுகன்னு சொல்லுது.” நான் அவள் முறத்தில் இல்லாத கல்லைத் தேடினேன்.

அதற்கப்புறம் நீ என்ன சொன்னாலும் அவளுக்கு ஒரு கேள்வி வந்துவிட்டது. ஓவர்டைம் என்பாய், பஸ் பிரேக்டவுன் என்பாய், டாக்டர் ஒன்றுமில்லை என்று சொன்னார் என்பாய். “இது கண்ணால பாத்த நெசமா, கேமராவுல பாத்த நெசமா?” என்பாள். முதலில் கோபமாக, அப்புறம் பழக்கமாக, கடைசியில் சிரிப்பாக. பிள்ளையும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாள். பள்ளிக்கூட மார்க்கைப் பார்த்து நீ “கெட்டிக்காரி” என்று சொன்னபோது, ஆறு வயசு நித்யா அதையே திருப்பிக் கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். கல்யாணமான இரண்டாம் மாதமே நீ அந்த லென்ஸைக் கொண்டுபோய் இன்ஜினியரிடம் கொடுத்துவிட்டாய். மல்லிகா கொடு என்று சொன்னாளா, நீயே கொடுத்தாயா என்று நான் கேட்டதில்லை. கம்பெனி ஸ்டோரில் சேர்ந்தாய். ஷிப்ட் ஷிப்டாக உழைத்து ஓசூரில் வீடு கட்டி, ஹாலுக்குள்ளேயே மாடிப்படி வைத்தாய். கிரகப்பிரவேசத்தன்று மல்லிகா கைப்பிடியைப் பிடித்து மேலே ஏறினாள், இறங்கினாள், இன்னொரு தடவை ஏறி இறங்கினாள். கீழே நின்ற உன்னிடம் “இது நெசம்” என்றாள். இத்தோடு தீர்ந்தது என்று நான் கும்பிட்டேன். ஆனால் பந்தியில் அவள் ஊர்க்காரர்களிடம், “எங்கப்பா இருந்து பாக்கல பாத்தீங்களா” என்று ஒவ்வொரு இலைக்கும் முன்னால் நின்று சொன்னாள்.

இனி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். இந்தப் பங்குனியில் மல்லிகா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பகலில் நான் இருந்தேன், வேலை முடிந்து நீ வருவாய். கிட்னி இரண்டும் போய்விட்டது என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. ஒரு மத்தியானம் நான் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடி பேசினாள். “அத்தை, உங்க மகன் எனக்கு ஒரு கொறையும் வெக்கலைங்க. என்னைக் கையில வெச்சுத்தான் பாத்துக்கிட்டாரு. அந்த ஒரு போட்டோவ மட்டும் அனுப்பாம இருந்திருக்கலாம். நானும் மறக்கத்தான் பாக்கறேன். முடியல.” அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். நர்ஸ் இல்லை, நீ இல்லை, நித்யா இல்லை. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் யாருக்கும் கிடைக்காது. நான் சுளையைப் பிரித்து, கொட்டை எடுத்து, அவள் வாயில் வைத்துவிட்டு, “ஆமாம்மா” என்றேன்.

ஆமாம்மா என்றேன் சேகர். சும்மா இருந்திருந்தால்கூட இவ்வளவு வலிக்காது. அதிலிருந்து பதினோராம் நாள் அவள் போய்விட்டாள். உன் அப்பா தன் கடைசி நாட்களில், “அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு, சொல்லிடு” என்று என்னிடம் எத்தனையோ தடவை சொன்னார். ஆகட்டும் என்றே அவரையும் அனுப்பி வைத்தேன்.

உனக்கு நான் புத்தி சொல்கிற இடத்தில் இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்கிறேன், இந்த ஐந்து நாளில் யோசித்து யோசித்து எனக்கே புரிந்தது. பழியை நீ எடுத்துக்கொண்டது பெரிய மனசு என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். நீயும் அப்படி நினைத்திருக்கலாம். ஆனால் அதில் மல்லிகாவுக்கு என்ன கிடைத்தது? பொய் சொல்லாத ஒருத்தனைக் கட்டிக்கொண்டு, பொய்யனோடு வாழ்கிறோம் என்று நினைத்தே அவள் காலத்தைத் தள்ளினாள். அவளுக்குக் கிடைத்த நல்ல புருஷனை அவள் கண்ணில் படாமல் நீயும் நானும் சேர்ந்து ஒளித்து வைத்துவிட்டோம். மாமியாரை நாலு வருஷம் வெறுத்திருப்பாள். வெறுக்கட்டுமே. புருஷனை நம்பியிருப்பாள். இப்போது நித்யாவிடமும் அதையே செய்யாதே. “பெரியவங்க பேரு கெட வேணாம்” என்று இந்தக் கடிதத்தை நீ மடித்து உள்ளே வைத்துவிடுவாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. என் பேரை இனிமேல் வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்.

வெறும் பேச்சை நித்யா நம்ப மாட்டாள், மகனைக் காப்பாற்ற ஆயா கதை கட்டுகிறாள் என்பாள். அதனால் கடிதத்தோடு ஒரு காகிதத் துண்டு வைத்திருக்கிறேன். அன்றைக்கு வெட்டிய ஓரம். தூக்கிப்போட மனசு வரவில்லை, உங்கள் கல்யாணப் பத்திரிகைக் கவருக்குள்ளேயே வைத்திருந்தேன். அதில் உன் அப்பா சிரிக்கிறார். லென்ஸ் இழுத்ததில் கொஞ்சம் அகலமாகிவிட்டார், ஆனால் அவர் சிரிக்கிற படம் வேறொன்று இல்லை. அவர் இறந்தபோது சுவரில் மாட்ட ஒரு படம் கேட்டீர்கள். எல்லோரும் பீரோவைப் புரட்டினீர்கள். கடைசியில் ஓட்டு அட்டையில் இருந்த முறைத்த மூஞ்சியைத்தான் ஸ்டுடியோக்காரர் பெரிதாக்கிக் கொடுத்தார். இந்தத் துண்டு பெட்டியில் கிடந்தது, நான் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தேன். எடுத்துக் கொடுத்தால் மிச்சப் படம் எங்கே என்று கேட்பீர்களே. தினமும் விளக்கு வைக்கும்போது அந்த முறைத்த மூஞ்சி என்னைப் பார்க்கிறது.

மிச்சப் படம் மல்லிகாவின் சூட்கேஸில் இருக்கிறது. அந்தச் சூட்கேஸை நித்யா எடுத்து வைத்துக்கொண்டாள் என்று உன் அக்கா சொன்னாள். இந்தத் துண்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல். கத்தரி எங்கெங்கே வளைந்ததோ அங்கங்கே பொருந்தும். அவள் வைத்துப் பார்க்கும்போது நீ பக்கத்தில் நிற்காதே. அவளுக்குக் கோபம் வரும். என்னை போனில் கூப்பிட்டுக் கத்தினாலும் சரி, கூப்பிடாமலே விட்டாலும் சரி. தையில் அவள் கல்யாணத்துக்கு வரவேண்டாம் என்று சொன்னால் இங்கேயே விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொள்வேன். நீ நடுவில் வந்து எனக்காகப் பேசாதே, அந்த வேலையை இருபத்தேழு வருஷம் செய்துவிட்டாய்.

அதற்கப்புறம் ஒன்று கேட்கிறேன். வேப்பனப்பள்ளிக்கு நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள். அவள் போகப்போகிற வீட்டை நீயே படம் எடு. பிரபுவிடம் ஏதோ கேமரா இருக்கிறதாம், கேட்டு வாங்கிக்கொள். படத்துக்குள் பக்கத்து வீடு விழுந்தாலும், கரண்ட் கம்பம் விழுந்தாலும், சாக்கடை விழுந்தாலும் எதையும் விடாமல் முழுசாக எடு. போனில் அனுப்பாதே, காகிதத்தில் போட்டுத் தபாலில் அனுப்பு. கவரில் விலாசத்தை மட்டும் நித்யாவை எழுதச் சொல். சொல்லிப் பார், கட்டாயப்படுத்தாதே. உன் கையெழுத்தில் வந்தால் பிரித்துப் படத்தைப் பார்ப்பேன். அவள் கையெழுத்தில் வந்தால், பிரிக்காமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அம்மா